மூன்று ஞாயிறும் வாசியுங்கோ

பன்னிரண்டு வருசம் வாயைத் திறக்காமல் இருந்த அன்ரோனெற்றை, வாயைத் திற என்று கேட்டது அவளுடைய புருசன் வலன்ரைன்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் நெடும்பாட்டுச் சனம் அவளைத்தான் திட்டியது. பாவம் வலன்ரைன், பாவம் அவன் தாய் றோசம்மா என்று உச்சுக்கொட்டியது. ஊர்ச் சனத்தின் இரக்கம் எப்போதும் இரண்டு வள்ளம் வைத்திருக்கிறவன் பக்கம்தான் சாயும்.

அவன் கேட்டது ஒரு கடிதம் மூலம். அதுவும் நேரே வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய், திருச்சபையின் விவாக நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு, நெடும்பாட்டுப் பங்குச் சுவாமி அருளப்புவின் கைக்கு வந்தது. சுவாமி அவளைத் தான் தங்கியிருக்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தார். பிறகு கடிதத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தார்.

‘என் மனைவி அன்ரோனெற், விவாகம் நடந்த நாள் தொடக்கம் இன்றுவரை என்னோடு தாம்பத்திய உறவுக்கு இணங்கவில்லை. ஆகையால் எங்கள் விவாகம் நிறைவேறாத விவாகமாக இருக்கிறது. அதை அவிழ்த்துவிடும்படி பரிசுத்த பிதாவைத் தாழ்மையோடு மன்றாடுகிறேன்.’

“விளங்குதா பிள்ளை?”

“விளங்கேல்லைச் சுவாமி.”

சுவாமிக்கு வியர்த்தது. அறுபத்தெட்டு வயது மனிதர். கலியாணம் கட்டப்போகும் பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பாடத்தைக் கன்னியர் மடத்துச் சிஸ்டரை விட்டுத்தான் படிப்பிப்பார். “பீடத்துக்கு முன்னாலை ரெண்டு பேரும் ஓம் எண்டு சொன்னாக் கலியாணம். ஆனா அந்த ஓம் எண்டதை உடம்பாலையும் ஒருக்கா எண்டாலும் சொல்லியிருக்க வேணும். சொல்லிப்போட்டினமெண்டால் பாப்பரசராலையும் அதை அவிழ்க்க ஏலாது. சொல்லேல்லை எண்டால் அவருக்கு அவிழ்க்கிற அதிகாரம் இருக்கு. நீர் இணங்கேல்லை எண்டு வலன்ரைன் எழுதியிருக்கிறான்.”

“நான் இணங்கேல்லையாம்?”

“எழுதியிருக்கு.”

அன்ரோனெற் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரை ஆட ஆடச் சிரித்தாள். சுவாமி பயந்துபோய்க் குசினிக்காரனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் வருவதற்குள் அவள் சிரித்து முடித்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

நடந்தது இதுதான். அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளிக்கு மூன்று வருசம் முந்தி, பத்தொன்பது வயதில், அவள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாள். வலன்ரைன் சம்மாட்டியின் மகன். வலையும் வள்ளமும் அவனுடையவை, அவற்றில் ஏறித் தொழில் செய்கிறவர்கள் அவனுடைய ஆட்கள். மூன்று நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் அவன் சுவரில் தொங்கிய, யேசு சிலுவையில் அறையுண்ட பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தான். அழுதான். தன்னால் ஏலாது என்றான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றான். “ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு இதிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணு” என்றான். அவள் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அந்த நேரம் அவளுக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது. மாதாவும் சூசையப்பரும் தொடாமலே வாழவில்லையா, அப்படி வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

சூசையப்பர் மாதாவை மலடி என்று ஊர் சொல்ல விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வலன்ரைன் நின்றான். ஒவ்வொரு ஆடித் திருநாளுக்கும் அவள் மடு மாதா கோயிலுக்குக் கால்நடையாகப் போனாள். பதினொரு வருசம், மன்னார்ப் பாலம் தாண்டி, கால் கொப்பளித்து, உப்புக் காற்றில் உதடு வெடித்து. பக்கத்தில் அவனும் செபம் சொல்லிக்கொண்டு நடந்தான். மடுவில் மாதாவின் முன்னால் அவளை முழந்தாளில் இருக்கவிட்டு, “கேள், பிள்ளை கேள்” என்று தோளில் தட்டினான். என்ன கேட்பது? மாதாவுக்கு எல்லாம் தெரியும் என்ற வெட்கத்தில் அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள். மாமி றோசம்மா காய்ச்சித் தந்த கசாயத்தை எல்லாம் குடித்தாள். குடித்துவிட்டு வளவின் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

இதையெல்லாம் பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது கோயில் படி.

நெடும்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் முடிந்ததும் ஞானத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வருவாள். படிகளில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பிள்ளை கைமாறிக் கைமாறிக் கடைசிப் படிவரை இறங்கும். ஒவ்வொருத்தியும் நெற்றியில் சிலுவை போட்டு முத்தி, அடுத்தவள் கையில் கொடுப்பாள். கலியாணம் கட்டி மூன்றாம் வருசம், அன்ரோனெற் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மேற்படியில் நின்ற றோசம்மா பிள்ளையை வாங்கினாள், முத்தினாள், மருமகளின் தலைக்கு மேலால் எட்டி அடுத்த பெண்ணின் கையில் கொடுத்தாள். “காய்க்காத கை படப்படாது” என்றாள், எல்லோருக்கும் கேட்க. அதற்குப் பிறகு ஒன்பது வருசமாக எந்தப் பிள்ளையும் அவள் கையில் இறங்கவில்லை. அவளும் வரிசையில் நிற்பதை நிறுத்தவில்லை. கையை நீட்டாமல் நின்றாள்.

அறைவீட்டிலிருந்து அவள் நேரே தகப்பன் அமிர்தநாயகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். புருசன் வீட்டுக்குத் திரும்பவில்லை. உடுபுடவையைக்கூட எடுக்கப் போகவில்லை.

நான்காம் நாள் பின்னேரம் வலன்ரைன் வந்தான். அவள் முற்றத்தில் இருந்து கருவாட்டுக்குப் பாரை மீனைப் பிளந்துகொண்டிருந்தாள். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். வலன்ரைன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

“உன்னிட்டை ஒண்டுமே கேக்கேல்லை, அன்ரோ. அவையள் வந்து கேக்கேக்கை ஓம் எண்டு சொல்லு. அவ்வளவுதான். உனக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை.”

“ஓம் எண்டு பன்னிரண்டு வருசத்துக்கு முந்திச் சொன்னனான். அதுக்கே இன்னும் வட்டி கட்டுறன்.”

“விளையாடாதை. நீ அந்தக் கதையைச் சுவாமிமாருக்கு முன்னாலை கதைப்பியே? வெக்கமில்லாமல்? ஒரு பொம்பிளை அதைக் கதைப்பாளே?”

அதுதான் அவன் கணக்கு. இந்தக் கரையில் பிறந்த பெண் தலை போனாலும் படுக்கை விசயத்தைப் பாதிரியார் முன்னால் பேசமாட்டாள் என்று நம்பித்தான் அவன் அந்தக் கடிதத்தையே எழுதினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்பாள், ரோமாபுரியிலிருந்து தாள் வரும், எல்லாம் முடிந்துவிடும்.

“விடுதலை கிடைச்சு என்ன செய்யப்போறியள்?”

வலன்ரைன் மணலைப் பார்த்தான். “அம்மா வங்காலையிலை பிள்ளை பாத்து வைச்சிருக்கிறா. செலீனா எண்டு. இருபது வயசு. பொம்பிளை மாறினாச் சரிவரும் எண்டு அம்மா சொல்லுறா.”

“மாமி சொல்லுறாவோ?” அன்ரோனெற்றின் கை நின்றது. “மாமிக்கு என்ன தெரியும்?”

அப்போதுதான் அவன் அந்தப் பெரிய பிழையை விட்டான். தன்னை நியாயப்படுத்துகிற அவசரத்தில் உளறிவிட்டான். “அம்மாவுக்குத் தெரியாமலே? கலியாணத்துக்கு முதலே என்னைக் கொண்டச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் அபூசாலிப் பரியாரியாரிட்டை மருந்துக்குக் காட்டினவ அவதானே!”

கத்தி மீனுக்குள் அப்படியே நின்றது. அன்ரோனெற் அவனைப் பார்க்கவில்லை. கோயில் படியைப் பார்த்தாள். தலைக்கு மேலால் போன பிள்ளையைப் பார்த்தாள். தெரிந்துகொண்டா? தெரிந்துகொண்டா அந்தக் கிழவி கசாயம் காய்ச்சினாள்? தெரிந்துகொண்டா அவளைக் காய்க்காத கை என்றாள்?  பன்னிரண்டு வருசமாக ‘நீங்கள்’ என்று கூப்பிட்டவனை அவள் அன்றைக்கு முதல்முறையாக ‘நீ’ என்றாள்.

“நீ போ. நான் சொல்லவேண்டியதைச் சொல்லுறன்.”

“சுரூபத்திலை சத்தியம் பண்ணினனீ!”

“ஓமடா. வெளியிலை விடமாட்டம் எண்டுதான் சத்தியம். நடக்கேல்லை எண்டு கடுதாசியிலை எழுதி வெளியிலை விட்டது ஆர்? பாதியை நீ சொல்லிப்போட்டாய். மிச்சப் பாதியை நான் சொல்லுறன்.”

வங்காலைச் செலீனாவைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் அப்போது நினைத்தாள் என்று சொன்னால் கதை அழகாயிருக்கும். அவள் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. வலன்ரைன் எரிய வேண்டும், றோசம்மா அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தாள். மலடி என்ற பெயர் ஊர் முழுக்கக் கேட்க வந்தது. போகும்போதும் ஊர் முழுக்கக் கேட்கப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சுவாமிமார் வந்தார்கள், ஒருவர் கேட்க, மற்றவர் எழுத. சுவிசேஷத்தில் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். அவள் உடனே முந்திய சத்தியத்தைப் பற்றிக் கேட்டாள். ஒருவருடைய ஏமாற்றைக் காப்பாற்றச் செய்த சத்தியம் திருச்சபையின் முன்னால் கட்டாது என்று கேட்கிற சுவாமி சொன்னார். அது போதும் அவளுக்கு.

கேட்கிற சுவாமி இளம் ஆள், ரோமாபுரியில் படித்தவர். முதல் கேள்வியிலேயே தடுமாறினார். எழுதுகிறவர் பேனையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“கேளுங்கோ சுவாமி,” என்றாள் அன்ரோனெற். “வெக்கப்பட வேண்டிய ஆள் இஞ்சை இல்லை. அவர் வீட்டிலை இருக்கிறார்.”

கேட்டார்கள். சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. அவள் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவனால் ஏலவில்லை. கலியாணத்துக்கு முதலே ஏலாது. அவனுக்கும் தாய்க்கும் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. “கலியாணத்துக்கு முதல் மடத்திலை சிஸ்டர் படிப்பிச்சவ. பெண்சாதியின்ரை உடம்பு புருசனுக்குச் சொந்தமெண்டா, புருசன்ரை உடம்பும் பெண்சாதிக்குச் சொந்தமாம். நான் என்ரை பங்கைக் குடுக்க வந்தனான். அவர் தன்ரை பங்கு இல்லாமலே வந்தவர். அதை முதலே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பனோ மாட்டனோ தெரியாது. என்னைக் கேட்டிருக்க வேணும்.”

எழுதுகிற சுவாமி அதைச் சொல் விடாமல் எழுதினார்.  கேட்கிறவர், ஏலாமை பாவமில்லை, மறைத்ததுதான் பாவம் என்றார். பிள்ளை இல்லாதது ஒரு கலியாணத்தை உடைக்காது. ஆனால் உடலால் கூடவே முடியாது என்ற நிலை முன்பே இருந்து, மாறாத ஒன்றாகவும் இருந்தால் அங்கே கலியாணமே உண்டாகவில்லை என்றார். அவள் அந்த நிமிசமே தன் பேரில் ஒரு மனு எழுதச் சொன்னாள். வலன்ரைன் கேட்டதை அவிழ்த்துவிடச் சொல்லி அல்ல. அவிழ்க்க அங்கே முடிச்சே இருக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லச் சொல்லி.

விசாரணை இரண்டு வருசம் இழுத்தது. அவளை ஒரு டாக்குத்தர் அம்மாவிடம் அனுப்பினார்கள். வெள்ளைத் துணியை மூடிக்கொண்டு அந்த உயரக் கட்டிலில் படுத்திருந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடு வழியைக் கால் கணக்காக நினைத்தாள்: பாலம், உயிலங்குளம், முருங்கன், மடு. டாக்குத்தர் அம்மா கை கழுவிவிட்டு வந்து அவள் தலையைத் தடவி, “எவ்வளவு காலம் அம்மா?” என்று கேட்டா. பன்னிரண்டு வருசம் என்றாள். அந்த அம்மா தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தா.

வலன்ரைனையும் டாக்குத்தரிடம் வரச் சொன்னார்கள். மூன்று தரம் திகதி கொடுத்தும் அவன் போகவில்லை. தன் மனுவைத் திரும்ப எடுப்பதாக எழுதினான். எடுத்தான், அவளுடைய மனு அப்படியே கிடந்தது. பிறகு கொண்டச்சியிலிருந்து அபூசாலிப் பரியாரியார் இரண்டு பஸ் மாறி அறைவீட்டுக்கு வந்தார். கத்தோலிக்கச் சுவாமிமாரின் விசாரணையில் தொப்பியோடு வந்து இருந்த அந்தக் கிழவர், “நோயாளியின்ரை கதையை நானாப் போய்ச் சொல்லமாட்டன். இந்தப் பொம்பிளைப் பிள்ளையின்ரை வாழ்க்கை எண்டு நீங்க கேக்கிறதால சொல்றன். ஏலாது எண்டு தாய்க்கு அப்பவே சொன்னன். பெண்ணு வீட்டுக்குச் சொல்லாமக் கலியாணம் செஞ்சு வெக்காதீங்க எண்டும் சொன்னன்” என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

ஒருமுறைக்கு இரண்டு முறை விசாரித்துத் தீர்ப்பு வந்தது. கலியாணம் தொடக்கத்திலிருந்தே இல்லை. அன்ரோனெற் கலியாணம் முடிக்கலாம். வலன்ரைன் ஆயரின், அதாவது மேற்றிராணியாரின், உத்தரவு இல்லாமல் முடிக்கக்கூடாது. அரசாங்கப் பதிவை அழிக்க மன்னார்க் கோட்டிலும் ஒரு வழக்கு வைக்க வேண்டியிருந்தது; வலன்ரைன் அங்கே வரவேயில்லை, தீர்ப்பு தன்பாட்டில் வந்தது.

தாள் எல்லாம் அருளப்பு சுவாமியின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. இது இரகசியம், ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார் சுவாமி.

இரகசியம் யாருக்கு உதவும்? மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சங்கக்கடை வாசலில் விடியற்காலையிலேயே அரை ஊர் நிற்கும். வரிசையில் கதை இப்படித்தான் ஓடியது: மலடியை வைச்சு வாழ ஏலாதெண்டு வலன்ரைன் மேற்றிராணியாரிட்டைச் சொல்லி அறுத்துப்போட்டானாம். சொன்னது றோசம்மா. அன்ரோனெற் வரிசையில் நிற்கும்போதே, இரண்டு பேர் தள்ளி முன்னால் நின்று சொன்னாள். வங்காலைப் பிள்ளைக்கு ஏதோ தோசம், அதுதான் கலியாணம் பிந்துது என்றும் சொன்னாள். அன்ரோனெற் தன் இறாத்தல் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். 

அந்த வருசம்தான் வின்சன்ட் அவளைக் கேட்டு வந்தார். தலைமன்னார் ரெயில்வேயில் வேலை. பெண்சாதி செத்து ஐந்து வருசம், ஒரு மகள், நாற்பத்தொரு வயது. அவளிடம் கருவாடு வாங்க வந்து, கருவாடு தின்னாத ஆள் என்பதை மூன்றாம் மாதம் ஒத்துக்கொண்டவர். அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கலியாணம் பேச இரண்டு பேரும் அறைவீட்டுக்குப் போனார்கள். சுவாமிக்குச் சந்தோசம்.

“அறிக்கையைப் பற்றி யோசியாதையுங்கோ,” என்றார். கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு தொடர்ந்து பூசையில் பெயர் வாசிக்க வேண்டும்; தடை தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்காக. “நான் மேற்றிராணியாருக்கு எழுதி மூண்டுக்கும் விலக்கு எடுத்துத் தாறன். ஒரு வியாழக்கிழமைக் காலமை சத்தமில்லாமல் முடிச்சுவிடுவம். உமக்கும் சங்கடமில்லை.”

“மூண்டு ஞாயிறும் வாசியுங்கோ சுவாமி.”

“ஏன் பிள்ளை?”

“எப்பிடி வாசிப்பியள்? எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ.”

சுவாமி புத்தகத்தை எடுத்தார். அறிக்கை வாசிக்க ஒரு வாய்பாடு உண்டு. யாருடைய மகன், யாருடைய மகள், முன்பு கலியாணம் முடித்தவரா முடிக்காதவரா, எல்லாம் அதற்குள் வரும். “தாரமிழந்த வின்சன்ட்டுக்கும், அமிர்தநாயகத்தின்ரை மகள்…” என்று தொடங்கியவர் அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு விளங்கிவிட்டது.

“உமக்குப் பேரை மட்டும் வாசிக்கிறன்.”

“மற்றப் பிள்ளையளுக்கு என்ன வாசிக்கிறியள்?”

“கன்னிகை எண்டு வாசிக்கிறது. ஆனா…”

“நான் விதவையா சுவாமி?”

“இல்லை.”

“கலியாணம் முடிச்சனானோ?”

“திருச்சபையின் கண்ணிலை இல்லை.”

“அப்ப உங்கடை அலுமாரிக்குள்ளை கிடக்கிற தாளிலை டாக்குத்தர் அம்மா என்ன எழுதியிருக்கிறா?”

சுவாமி அலுமாரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “உண்மைதான். ஆனா பிள்ளை, அந்தச் சொல்லை நான் பீடத்திலை நிண்டு வாசிச்சா, அந்த மனுசன்ரை கதை முடிஞ்சுது. ஒரு உண்மையைக் கொண்டு ஆளைக் குத்தப் பாக்கிறீர்.”

“ஓம் சுவாமி,” என்றாள் அன்ரோனெற். “அவை பன்னிரண்டு வருசம் பொய்யைக் கொண்டு குத்தினவை.”

வெளியே வந்ததும் வின்சன்ட் வேலியோரம் நின்று கேட்டார். “ஒண்டு கேக்கிறன், கோவியாதையும். நீர் என்னைக் கட்டப்போறீரோ, அவனைப் பழிவாங்கப்போறீரோ?”

அவள் ஒளிக்கவில்லை. “ரெண்டும்தான்.”

வின்சன்ட் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஞாயிற்றுக்கிழமை நானும் முன்னுக்கே வந்திருக்கிறன்” என்றார்.

முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் அருளப்பு சுவாமி தாளை எடுத்தார். பெண்கள் பக்கத்தில் முதல் வாங்கில் றோசம்மா இருந்தாள். அது அவளுடைய இடம், வேறு யாரும் அதில் இருப்பதில்லை. ஆண்கள் பக்கத்தில் வலன்ரைன். சுவாமி வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். ஆனாலும் ஒலிபெருக்கி அந்தச் சொல்லைக் கோயில் சுவர் எல்லாம் கொண்டுபோய் மோதியது. “…அமிர்தநாயகத்தின் மகள், கன்னிகை அன்ரோனெற்றுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதலாம் அறிக்கை. யாராவது தடை அறிந்தால் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சனத்துக்கு அந்த வாய்பாடு அவ்வளவு பழக்கம். பிறகு பெண்கள் பக்கத்தில் நடுவில் யாரோ “என்னவாம்?” என்றாள். யாரோ விரல் மடித்து வருசம் எண்ணினாள். கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாம் மெழுகுதிரிக் கோலோடு அப்படியே நின்றுவிட்டான். ஆண்கள் பக்கத்தில் ஒருவன் இருமினான், இருமலுக்குள் சிரித்தான். ஒவ்வொரு தலையாக வலன்ரைன் பக்கம் திரும்பியது. றோசம்மா மட்டும் திரும்பவில்லை. அவளுடைய கழுத்து சிவந்துகொண்டு வருவதை அன்ரோனெற் பின் வாங்கிலிருந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறவில்லை. இன்னும் வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை பாண் வரிசையில் ஒரே கூத்து. யாரும் எதையும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. றோசம்மா வரிசைக்கு வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு கோயிலில் இடமில்லை. ஈஸ்ருக்கும் நத்தாருக்கும் மட்டும் வருகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். வங்காலையிலிருந்தும் ஒரு வானில் ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் செலீனாவின் தகப்பனும் ஒருவர். வலன்ரைன் வரவில்லை. சுவாமி வாசித்தார். வங்காலை மனிதர் பூசை முடியும்வரை காத்திராமல் எழும்பி வெளியே போனார்.

மூன்றாம் ஞாயிறு வலன்ரைன் வந்தான். முகம் வழிக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் தூணோடு நின்றான். ஏதாவது சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுவாமி வாசித்தார். “…கன்னிகை அன்ரோனெற்றுக்கும்… இது மூன்றாம் அறிக்கை. யாராவது தடை அறிந்தால்…” அன்ரோனெற் வாங்கிலிருந்து எழும்பினாள். கோயில் முழுக்கப் பார்த்திருக்கத் திரும்பி, தூணடியில் நின்றவனைப் பார்த்தாள். மனதுக்குள் அவனிடம் சொன்னாள்: சொல்லு. நான் இவளோடு வாழ்ந்தனான், இவள் கன்னிகை இல்லை எண்டு ஒருக்காச் சொல்லு. சொன்னால் சுவாமி சுவிசேஷத்தை நீட்டுவார், நீ கை வைக்க வேண்டும்.

வலன்ரைனின் வாய் திறந்தது. மூடியது. அவன் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிப் போனான். அந்த முதுகைப் பார்த்தபோது, மூன்றாம் நாள் காலையில் அழுத பையன் ஒரு கணம் அவள் ஞாபகத்துக்கு வந்தான். அவள் அந்த ஞாபகத்தை வந்த வழியே அனுப்பிவிட்டாள்.

பூசைக்குப் பிறகு ஒரு ஞானஸ்நானம் இருந்தது. பெண்கள் வழக்கம்போலப் படிகளில் நின்றார்கள். அன்ரோனெற் நடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கீழ்ப்படியில் றோசம்மா வந்து நின்றாள். மூன்று கிழமையில் பத்து வயது மூத்துப்போயிருந்தாள்.

“பிள்ளை,” என்றாள் றோசம்மா, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். “ஒரு தாய் வேறை என்ன செய்வாள்? என்னை மன்னிச்சுக்கொள்.”

 மேற்படியிலிருந்து பிள்ளை இறங்கி வந்துகொண்டிருந்தது. மேலே நின்றவள் ஒரு விநாடி தயங்கினாள். பிறகு பிள்ளையை அன்ரோனெற்றின் கையில் வைத்தாள். பன்னிரண்டு வருசமாக வெறுமையாய் இருந்த கை. பிள்ளை சூடாக இருந்தது. தலையில் எண்ணெய் மணந்தது. அவள் நெற்றியில் சிலுவை போட்டாள், முத்தினாள், கண் நிறைந்து வழிய விட்டாள்.

கீழே றோசம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். 

அன்ரோனெற் அந்தக் கைகளைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு றோசம்மாவின் தலைக்கு மேலால் எட்டி, அடுத்த படியில் நின்ற பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.  நீட்டிய கைகளை றோசம்மா எப்போது மடக்கினாள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வின்சன்ட் வேம்படியில் மகளோடு காத்துக்கொண்டிருந்தார்.

இது பாவம் என்று அவளுக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள். கடைசிப் படிக்கு வருவதற்குள், அதற்கு அடுத்த சனிக்கிழமை சொன்னாலும் போதும் என்று முடிவு செய்துவிட்டாள்.